வீட்டுப்பாடம் என் பொறுப்பில் வந்த வருஷம்

எங்கள் தொழிலில் பாடம் நடத்துவது பாதி வேலைதான். நேற்று கொடுத்ததை இன்று கேட்டு வாங்குவது மீதிப் பாதி, தொண்டை போவது அந்தப் பாதியில்தான்.

இதைப் படிக்கிறவர்களில் ஆசிரியர்கள் இருந்தால் விளக்கவே வேண்டாம். "நோட்டு எங்க?" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறோம், அதற்கு என்னென்ன பதில் வரும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். பெற்றோராக இருந்தால் அந்தப் பக்கத்து அவஸ்தை உங்களுக்குத் தெரியும். எப்படியும் நாம் எல்லாரும் ஒரே படகுக்காரர்கள்.

நான் அறிவியல் ஆசிரியை. வீடு அரியலூர் டவுனில், வேலை விக்கிரமங்கலம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில். நடுவில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேர பஸ் பயணம். போன வருஷம் ஒன்பதாம் வகுப்பின் வீட்டுப்பாடம் மொத்தமும் என் தலையில் வந்து விழுந்தது. அதற்குக் காரணம் ஓர் அம்மா.

எதை முதல்ல?

ஒன்பதாம் வகுப்பில் ரேவதி என்று ஒரு பெண். இருக்கிற இடம் தெரியாது, கேட்டால்தான் பேசுவாள். ஜூலை மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பாடத்துக்கு நோட்டு வைக்கவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியது நான்தான். மறுநாள் மத்தியானம் அவர் களை வெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து நேராக வந்துவிட்டார். காலில் மண் காயவில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

தலைமையாசிரியை அறையில் வைத்துத்தான் பேசினோம். எங்கள் தலைமையாசிரியை சரோஜா மேடம் ஏதோ கோப்பில் தலையைக் கவிழ்த்திருந்தார். நான் என் புகாரைச் சொல்லி முடித்தேன். ரேவதி அஞ்சரை மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறாள், வந்ததும் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பைப் பார்க்க வேண்டும், பிறகு அஞ்சு நோட்டையும் சுற்றி வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று தெரியாமல் அழுகிறாள் என்று அந்த அம்மா சொன்னார். வீட்டுப்பாடத்தைக் குறைக்கச் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. பதினாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். ஆனால் அவர் கேட்டது வேறு.

"கொறைக்கச் சொல்லி வரலைங்க டீச்சர். எல்லாத்தயும் செய்யட்டும், படிக்கற புள்ளதான. எதை முதல்ல செய்யணும்னு மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க, நான் எடுத்து வச்சுடறேன்."

ஒரு சனிக்கிழமை

அவர் போன பிறகு மேடம் கோப்பை மூடிவிட்டு, "எதை முதல்ல செய்யணும்?" என்று என்னைக் கேட்டார். அறிவியல் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு யார் யார் என்னென்ன கொடுக்கிறார்களோ எல்லாவற்றையும் நீங்கள் வீட்டில் உட்கார்ந்து செய்து, திங்கட்கிழமை என் மேஜையில் வையுங்கள் என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் அவர் விளையாட்டுக்கு எதையும் சொல்கிறவர் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் உட்கார்ந்தேன். தமிழில் ஒரு செய்யுள் மனப்பாடம், சொல்லும் பொருளும் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் இருபது சொல்லுக்கு அர்த்தம், ஒரு பத்தியை இரண்டு தடவை பார்த்து எழுத வேண்டும். கணக்கில் பத்து. சமூக அறிவியலில் ஆறு கேள்வியும் ஒரு வரைபடமும். அறிவியலில், அதாவது நான் கொடுத்ததில், பூவின் படம் வரைந்து பாகம் குறித்து ஐந்து கேள்விக்கு விடை. என்னுடையதையே முதலில் எடுத்தேன். கரும்பலகையில் மூன்று நிமிஷத்தில் போடுகிற அந்தப் பூ, பென்சிலும் ரப்பருமாக எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. சூலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போயிற்று. சாப்பாட்டு நேரத்துக்கு மூன்று பாடம் முடிந்திருந்தது. கணக்கில் ஏழாவதோடு நின்றுவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு சிமெண்ட் ஆலையில் ஸ்டோர்ஸ் வேலை. அன்றைக்கு லீவு என்பதால் சமையலை அவர் பார்த்துக்கொண்டார். நாலு மணிக்கு காபியைக் கொண்டுவந்து வைத்தவர், வெறுமையாகக் கிடந்த வரைபடத்தைப் பார்த்தார், சமூக அறிவியல் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"திங்கக்கெழம நோட்டு கேப்பாங்கல்ல, யாரைக் கூட்டிட்டுப் போகப்போற? நான் லீவு போட முடியாது."

காரண நோட்டு

முடிக்காத நோட்டைத்தான் மேடத்திடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நாங்கள் பிள்ளைகளுக்கு எழுதுவது போலவே சிவப்பு மையில் "முடிக்கவில்லை" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தார். பதினாறு வருஷத்தில் ஆயிரம் நோட்டில் எழுதியிருப்பேன் அந்த வார்த்தையை. வாங்கிக்கொள்வது அதுதான் முதல் தடவை. அது அவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று நினைக்கவில்லை.

அந்த வாரமே ஆசிரியர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை வெளியே நிறுத்துவது, நூறு தடவை எழுதச் சொல்வது எல்லாம் அன்றோடு நின்றன. வகுப்பு மேஜையில் ஒரு நீள நோட்டு வைக்கப்பட்டது. செய்யாதவர்கள் அதில் பெயரும் காரணமும் எழுத வேண்டும். பக்கத்துக் கட்டத்துக்கு "பள்ளி என்ன செய்யலாம்" என்று தலைப்பு. அதைத் தினமும் நிரப்புவது என் பொறுப்பு. நோட்டு நிறையப் பொய்தான் சேரும் என்று ஆசிரியர் அறையில் பேச்சு. நானும்தான் பேசினேன்.

முதல் வாரத்தில் தங்கச்சி நோட்டைக் கிழித்துவிட்டாள், கரண்ட் இல்லை என்றெல்லாம் வந்தது. ஒருத்தன் "மாடு கன்னு போட்டுச்சு, காளைக் கன்னு" என்று எழுதியிருந்தான். அதற்குப் பள்ளி என்ன செய்ய முடியும்? "வாழ்த்துகள்" என்று எழுதி வைத்தேன். அன்பரசன் என்கிற பையன் மட்டும் பதினோரு நாள் "மறந்துட்டேன்" என்றே எழுதினான். கிரிக்கெட் மேட்ச் ஸ்கோரைப் பந்து பந்தாகச் சொல்கிறவன் அவன். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால், அவன் மறந்தது அத்தனையும் அறிவியல். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அடிக்க மாட்டேன், திட்டவும் மாட்டேன் என்ற பிறகு சொன்னான்.

"மறக்கலை டீச்சர். அந்தச் சமன்பாடு நீங்க நடத்துனது சுத்தமா புரியலை. புரியலைன்னு எழுதுனா நீங்க வருத்தப்படுவீங்கல்ல, அதான்."

மூன்று கணக்கு

சமன்பாட்டை மறுநாள் முதலிலிருந்து நடத்தினேன். அன்பரசனுக்காக என்று சொல்லவில்லை. நடத்தி முடித்து, "இப்பதான் புரிஞ்சதுங்கறவங்க எத்தனை பேர்?" என்று கேட்டபோது கை தூக்கியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், முதல் தடவை நான் சுவருக்குத்தான் நடத்தியிருக்கிறேன்.

மேடம் அடுத்து ஒரு விதி போட்டார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டுப்பாடம். கணக்கு தினமும் உண்டு, ஆனால் மூன்றுக்கு மேல் கூடாது. கொடுத்தது எதுவானாலும் மறுநாள் பார்த்துத் திருத்திக் கொடுத்துவிட வேண்டும், திருத்த முடியாத அளவுக்குக் கொடுக்கக் கூடாது. எங்கள் கணக்கு சார் தனபால் கடுமையான உழைப்பாளி. தினம் பத்துக் கணக்கு என்பது அவருக்குச் சாமி கும்பிடுவது மாதிரி. மூணு கணக்குல என்னங்க வரும் என்று மேடத்திடம் வாதாடினார். எந்த நாளில் எந்தப் பாடம் என்ற அட்டவணை என் கையெழுத்தில் இருந்ததால் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நாலாவது நாள் ஒரு கட்டு நோட்டோடு என் மேஜைக்கு வந்தார். வகுப்பில் முப்பத்தாறு பேர். இருபத்தொன்பது நோட்டில் பதினேழு நான்கு அறுபத்தெட்டு என்பதற்குப் பதில் எழுபத்தெட்டு என்று இருந்தது. பத்துக் கணக்கு இருந்தவரை கடைசி வரியைப் பார்த்து டிக் அடித்துக்கொண்டு போயிருக்கிறார். மூன்றே மூன்று என்றதும்தான் வரி வரியாகப் படிக்க நேரம் கிடைத்தது. எல்லாருக்கும் மூல நோட்டு யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. நந்தினி. முதல் மார்க் வாங்குகிற பெண். அவள் அவசரத்தில் தப்பாகப் போட்டது பஸ்ஸில் கைமாறி வகுப்பு முழுக்கப் பரவியிருக்கிறது. அவர் கொதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நேராக வகுப்புக்குப் போனார். அன்றைய கணக்கில் செவ்வகத்தின் நீளம் அவரவர் வருகைப் பதிவேட்டு எண் என்று மட்டும் எழுதிப் போட்டார். முப்பத்தாறு பேருக்கும் முப்பத்தாறு விடை. அத்தனையையும் அவர் முதலில் போட்டுப் பார்த்தால்தானே திருத்த முடியும்? ஓய்வு பீரியடில் உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் கட்டம் கட்டமாக விடைகளை எழுதிக்கொண்டிருந்தார். பத்துக் கணக்கை விட அதுதான் அதிக வேலை. ஆனாலும் அவர் முகத்தில் ஒரு தனி உற்சாகம். ஒரு வாரம் கழித்து அன்பரசன் அவரிடம் போய்க் குறைப்பட்டுக்கொண்டான்.

"இப்பல்லாம் பாத்து எழுதணும்னாகூட கணக்கு தெரிஞ்சிருக்கணும் போல இருக்கு சார்."

ஏழு பத்து பஸ்

பள்ளி முடிந்த பிறகு ஒரு மணி நேரம் பிள்ளைகளை உட்காரவைத்து, சந்தேகத்தைத் தீர்த்து, வீட்டுப்பாடத்தை இங்கேயே முடிக்கவைக்கலாம் என்பது மேடத்தின் யோசனை. ஆனால் பாதிப் பிள்ளைகள் நாலரை மணி பஸ்ஸில் போக வேண்டியவர்கள். அதை விட்டால் ஆறேகாலுக்குத்தான் அடுத்தது. பெண் பிள்ளைகளை அதுவரை நிறுத்திவைக்க முடியாது. யோசனை அப்படியே நின்றது.

ஒரு நாள் தேர்வு வேலைக்காகச் சீக்கிரம் போக வேண்டியிருந்தது. வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு, ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு போகும் ஏழு பத்து பஸ்ஸில் ஏறினேன். பிள்ளைகள் வருவது அதில்தான். என்னைப் பார்த்ததும் மடியில் இருந்த நோட்டுகள் பைக்குள் மறைந்தன. பரவாயில்லை, எழுதுங்கள் என்று சொன்ன பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ரேவதி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து என் பாடத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். கல்லு லாரிகள் திரும்புகிற இடம் வந்ததும் ரோடு குண்டும் குழியுமாக ஆயிற்று. அவள் பேனா தாளில் தாவியது. அவளுடைய நோட்டில் "கையெழுத்தில் கவனம்" என்று நான் மூன்று தடவை எழுதியிருக்கிறேன். என் டைரியை எடுத்து அந்த இடத்தில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். என்னாலேயே படிக்க முடியவில்லை.

பஸ் எட்டேகாலுக்கு வந்துவிடுகிறது, பள்ளி ஒன்பதே காலுக்கு. நடுவில் ஒரு மணி நேரம் பிள்ளைகள் பூவரச மரத்தடியில் சும்மா நிற்கிறார்கள். இதைப் போய் மேடத்திடம் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து எட்டேகாலுக்கு ஒரு வகுப்பறை திறக்கப்பட்டது. சந்தேகம் கேட்க ஒரு ஆசிரியர் கட்டாயம் இருப்பார். திங்கட்கிழமை முறையை மேடமே எடுத்துக்கொண்டார். மற்ற நாளுக்கு நாங்கள் பிரித்துக்கொண்டோம். என் முறை வருகிற நாளில் ஏழு பத்தில்தான் போவேன். ஒரு மாதம் கழித்து அந்த பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னிடம் மனுப்போட்டார்.

"முன்னல்லாம் புள்ளைங்க பஸ்ஸுல குனிஞ்சு எழுதிட்டே வரும், சத்தமே இருக்காதுங்க டீச்சர். இப்ப ஒரே கூச்சல். கொஞ்சமாச்சும் எதையாவது எழுதக் குடுத்து அனுப்புங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

வாரம் ஒரு தாள்

தீபாவளிக்குப் பிறகு ரேவதி வரவில்லை. அவளுடைய அப்பா பைக்கில் சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது என்று அதே ஊர்க்காரியான நந்தினி சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் அவரால் எழுந்து உட்கார முடியாது. அம்மா வேலைக்குப் போனால்தான் வீடு நடக்கும். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ரேவதி நின்றுவிட்டாள்.

இந்த மாதிரி நின்ற பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். முதல் வாரம் வர நினைப்பார்கள். இரண்டாவது வாரம் விட்டுப்போன பாடம் பயமுறுத்தும். மூன்றாவது வாரம் தாண்டினால் பெயர் மட்டும்தான் பதிவேட்டில் இருக்கும். மேடம் எங்களைக் கூப்பிட்டார். வாரம் ஒரே ஒரு தாள், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரே ஒரு வேலை, எதை முதலில் செய்ய வேண்டும் என்று எண் போட்டு நந்தினியிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்றார். யார் பாடத்துக்கு ஒன்று என்ற எண் என்பதில் சண்டை வரும் என்று பயந்தேன். தனபால் சார் தமிழுக்குக் கொடுங்கள் என்று விட்டுக்கொடுத்தார். நாலு வரி பாட்டு படித்தால் அந்தப் பிள்ளைக்கு மனசு கொஞ்சம் லேசாகும், கணக்கு அப்புறம் வரட்டும் என்றார்.

முதல் வாரத் தாள் ஒன்றாம் எண் மட்டும் முடிந்து திரும்பி வந்தது. இரண்டாவது வாரம் மூன்று எண் வரை. மூன்றாவது வாரம் தாளே வரவில்லை. சனிக்கிழமை மேடமும் நானும் பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனோம். அப்பா கட்டிலில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்து எழப் போனவரை மேடம் தடுத்துவிட்டார். ரேவதி ஒரு தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்து எண்ணும் முடித்திருக்கிறாள். அப்பாவுக்குத் தேய்க்கிற எண்ணெய் தாளில் கொட்டிவிட்டது. இதை எப்படிக் கொடுப்பது என்று கூச்சப்பட்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள். மேடம் அந்த எண்ணெய்த் தாளைத்தான் வாங்கினார். அங்கேயே உட்கார்ந்து, வரிவரியாகப் படித்து, எண்ணெய் படாத ஓரமாகத் தேடிக் கையெழுத்துப் போட்டார்.

அவளுடைய அப்பா கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும், ஆறாவது வாரம், ரேவதி வந்துவிட்டாள். விட்டுப்போன நோட்டை எழுதி முடி என்று யாரும் கேட்கவில்லை. இடைவேளையில் நான்தான் கேட்டேன், வராமலே இருந்துவிடுவாயோ என்று பயந்தோமே என்று. அவள் வழக்கம்போல மெதுவாகச் சொன்னாள்.

"நின்னுடலாம்னுதான் இருந்தேன் டீச்சர். ஆனா வாராவாரம் தாள் வந்துகிட்டே இருந்துச்சு. எம் பேரு இன்னும் கிளாஸ்ல இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

என் முறை

விதி எல்லாருக்கும் பொது என்பது ஒரு திங்கட்கிழமை எனக்கு உறைத்தது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு செட்டிகுளம் போய்விட்டு வந்ததில் வெள்ளிக்கிழமை வாங்கிய நோட்டுகளைத் திருத்தவில்லை. கட்டு கட்டியபடியே தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் போனேன். நந்தினி எழுந்து மரியாதையாகக் காரண நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்துவைத்து, பேனாவையும் திறந்து கொடுத்தாள். பெயர் எழுதினேன், காரணம் எழுதினேன்.

பக்கத்துக் கட்டத்தை நானே நிரப்பிக்கொள்வது நியாயமில்லை என்பதால் அதைக் காலியாக விட்டுவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்குப் புரியாத இடத்தில் "நந்தினியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்" என்று நான் அடிக்கடி எழுதுவது வழக்கம். சாயங்காலம் நோட்டைத் திறந்து பார்த்தபோது என் பெயருக்கு நேரே அன்பரசனின் கோணல் எழுத்து இருந்தது.

"டீச்சருக்குத் திருத்தத் தெரியாத இடம் இருந்தால் நந்தினியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்."

ஒல்லி நோட்டுகள்

ஜனவரியில் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. ஆய்வு என்றால் நோட்டுகளை அடுக்கிவைப்போம், அடுக்கின் உயரம்தான் எங்கள் உழைப்புக்குச் சாட்சி. இந்த வருஷம் எல்லா நோட்டும் ஒல்லியாக இருந்தது. மிச்சம் இருக்கிற நாளில் பிள்ளைகளை எதையாவது எழுதவைத்துப் பக்கத்தை நிரப்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், பிள்ளைகளைப் பொய் எழுதச் சொல்லாதீர்கள் என்று முடித்துவிட்டார்.

அதிகாரி ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார். ஒரு நாளைக்கு மூன்று கணக்குதானா என்று கேட்டார். மேடம் வாயைத் திறப்பதற்குள் தனபால் சார் எழுந்துவிட்டார். பத்து கொடுத்தபோது நான் டிக் அடித்தேன், மூன்று கொடுக்கும்போது படிக்கிறேன், எந்தப் பிள்ளை எந்த வரியில் தடுமாறுகிறது என்று இப்போது பெயரோடு சொல்ல முடியும், கேளுங்கள் என்றார். மூன்று கணக்குக்காக மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தவர் அவர்தான். அதிகாரி நாலு பெயரைக் கேட்டார். நாலுக்கும் பதில் வந்தது.

பிறகு காரண நோட்டைக் கேட்டு வாங்கி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். கன்றுக்குட்டி இடத்தில் சிரித்தார். நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார், எந்தப் பக்கம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. தன் படிவத்தை எடுத்து மேலும் கீழும் பார்த்துவிட்டு மேடத்திடம் சொன்னார்.

"நல்லா இருக்குங்க. ஆனா இதை எழுதறதுக்கு எங்க படிவத்துல கட்டம் இல்லையே, என்ன பண்ணலாம்?"

கல்லுக்குள் கடல்

பெற்றோர் கூட்டத்தில் அடிக்கடி ஒரு பேச்சு வரும். நாங்கள் படிக்காதவர்கள், பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்க முடியும் என்பார்கள். மேடம் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வீட்டுப்பாடம்தான். அந்த வாரம் படித்ததில் ஒன்றை வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டும், கேட்டவர் என்ன கேள்வி கேட்டார் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். வீட்டிலுள்ளவர்கள் கேட்டுக்கொண்டால் போதும், படித்திருக்க வேண்டியதில்லை.

பிப்ரவரியில் பாறைகளைப் பற்றிப் பேசும்போது, நம் பக்கம் எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னால் கடலாக இருந்தது, சிப்பியும் நத்தையும் மண்ணோடு படிந்து கல்லாகிவிட்டன, சுண்ணாம்புக்கல் அப்படி வந்ததுதான் என்று சொல்லியிருந்தேன். அன்பரசனின் அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்கிறவர். திங்கட்கிழமை அன்பரசனோடு அவரும் வந்து நின்றார். பையன் ஏதாவது வம்பு செய்துவிட்டானா என்று நான்தான் பதறினேன். அவர் துண்டை அவிழ்த்து மேஜையில் ஒரு கல்லை வைத்தார். உள்ளங்கை அகலம், வரி வரியாகச் சுருண்ட ஒரு நத்தை, கல்லாகவே. இந்த மாதிரி நிறையக் கிடக்கும், உதவாத கல் என்று ஓரமாகத் தள்ளுவோம் என்றார். ஞாயிற்றுக்கிழமை மகன் சொன்னதைக் கேட்டதிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. பையனிடம் கேட்ட கேள்விக்கு டீச்சரைத்தான் கேட்கணும் என்று அவன் சொல்லிவிட்டானாம். லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அன்பரசன் அப்பாவுக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அறிவியல் புரியவில்லை என்று சொல்லக் கூசி, மறந்துட்டேன் என்று எழுதிக்கொண்டிருந்த பிள்ளை. நான் அந்தக் கல்லைக் கையில் எடுத்தேன். எட்டு வருஷமாக இந்தப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன், புதைபடிவம் ஒன்றை நிஜத்தில் அப்போதுதான் தொடுகிறேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கடல் இருந்துச்சுன்னு எம் புள்ள சொல்றது நெசந்தானுங்களா டீச்சர்? அப்ப இருபது வருஷமா நான் தெனமும் கடலுக்குள்ளயா எறங்கி ஏறிக்கிட்டு இருக்கேன்?"

பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுப்பது எங்கள் வேலை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்த வருஷம் முழுக்க வீட்டுப்பாடம் செய்தது நாங்கள்தான், மார்க் எவ்வளவு என்றுதான் இன்னும் யாரும் சொல்லவில்லை.